தாடையில் எலும்பு நடுதல்
பல்லைப் பிடுங்கியதோடு உபாதை ஒழிந்தது என்று நாம் நிம்மதி கொள்கிறோம். ஆயினும் அப்பல்லைத் தாங்கி நின்ற தாடையெலும்பு, மெல்லும் விசை தன்மேல் படாத காரணத்தால் நாளடைவில் தேய்ந்து, ஓராண்டுக்குள் தன் அகலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடக்கூடும். செயற்கைப் பல்லைத் தாங்க 1965-இல் ஸ்வீடன் தேசத்து மருத்துவர் பிரானெமார்க் மனிதத் தாடையில் பொருத்திய வகை டைட்டானிய வேரான இம்ப்ளான்ட், இப்படி மெலிந்த எலும்பில் ஊன்றி நிற்பது அரிது. ஆகவே மோவாயிலிருந்து சிறிது எலும்பை எடுத்தோ, பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளைக் கொண்டோ பள்ளத்தை நிரப்பி, மெல்லிய சவ்வால் மூடித் தைத்து, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். அந்த அவகாசத்தில் துகள்களின் இடுக்கெல்லாம் சொந்த எலும்பு வளர்ந்து கெட்டிப்படுகிறது. புகையிலையும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் இதற்குப் பரம விரோதிகள். பல்லை எடுக்குமுன்பே எலும்பு நடுதலைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தாருக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு.