விளக்கு எரியுது, தண்ணீர் ஓடுதா?



கம்ப்யூட்டர் பக்கத்தில் தண்ணீர் டம்ளர்கூட வைக்கக் கூடாது என்று சார் சொல்வார். ஆனால் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே தண்ணீர் ஓடுவதை முழுப் பரீட்சை லீவில் ஓசூரில் பார்த்தேன். அங்கே கம்பெனியில் வேலை செய்யும் என் பெரியப்பா மகன், பாகங்கள் வாங்கி தானே பூட்டியது அது.

தண்ணீர் எதற்கு?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். வேலை செய்யும்போது அது சூடாகும். ஒரு கிராம் காற்றை 1 டிகிரி சூடாக்க சுமார் 1 ஜூல் போதும். ஒரு கிராம் தண்ணீருக்கு 4.2 ஜூல் வேண்டும். அதனால் தண்ணீர் நிறைய வெப்பத்தைச் சுமந்து போகும். பிராசசர் மேல் ஒரு செம்புத் தகடு, குழாய், சின்ன பம்பு, லாரியில் உள்ளது போல குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கி வைத்த ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரையும் திரவம்தான் குளிர வைக்கிறது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு!

விளக்கு வைத்த கதை

பம்பு நின்றால் பிராசசர் கொதித்துவிடும். அதனால் பம்பு ஒயரிலேயே ஒரு பச்சை எல்.இ.டி. சேர்த்திருந்தார் அண்ணன். “லைட்டு எரிஞ்சா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் பாப்பா” என்றார்.

எனக்கு எங்க வீட்டு மோட்டார் ஞாபகம் வந்தது. போர் உள்ளே இருக்கும் மோட்டாரையும் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர வைக்கிறது. போன கோடையில் ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூணு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பா மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் காயில் கருகிப் போச்சு. ஊத்தங்கரையில் காயில் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை.

“அண்ணா, தண்ணி நின்னா இந்த லைட்டு அணையுமா?” என்று கேட்டேன்.

அண்ணன் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாமல் பம்பை மட்டும் ஓட விட்டு, குழாயை விரலால் அழுத்திப் பிடித்தார். தண்ணீர் நின்றது. விளக்கு ஜம்மென்று எரிந்தது! அது கரண்ட் வருவதை மட்டும்தான் சொன்னது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரியான முறை

அடுத்த வாரம் ஃப்ளோ ஸ்விட்ச் வாங்கி, குழாயின் நடுவில் மாட்டினார். ஓடும் தண்ணீர் அதன் உள்ளே உள்ள காந்தத்தைத் தள்ளும். அப்போது ஸ்விட்ச் சேர்ந்து விளக்கு எரியும். தண்ணீர் நின்றால் அணையும்.

கம்ப்யூட்டரின் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வரும், கறுப்பு எர்த். எல்.இ.டி.க்கு சுமார் 2 வோல்ட் போதும். மீதி 10 வோல்ட். 10 மில்லி ஆம்பியருக்கு, ஓம் விதிப்படி 1000 ஓம் மின்தடை போட வேண்டும். எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ்.

ஆபத்து வந்தால் எரிகிற சிவப்பு விளக்கு மட்டும் ஏன் போதாது? அந்த விளக்கே கெட்டுப்போனால் ஆபத்திலும் இருட்டாகவே இருக்கும், நாம் ஏமாந்து போவோம். நல்லா இருக்கும்போது எரிகிற விளக்கு கெட்டால் உடனே அணையும். நாமும் போய்ப் பார்ப்போம்.

ஆகவே நண்பர்களே, எந்த விளக்கைப் பார்த்தாலும் ‘இது எதைச் சொல்கிறது?’ என்று கேளுங்கள். எங்க அப்பா இப்போது ஸ்டார்ட்டர் விளக்கோடு நிற்பதில்லை, தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்த பிறகே நகர்கிறார்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி, சிங்காரப்பேட்டை.