சூரியனைத் திட்டிய இடையன்

சிஃபிலிஸ் என்பது முதலில் ஒரு காவியத்தின் தலைப்பு. வெரோனா நகரத்து வைத்தியர் ஜிரோலமோ ஃப்ராகாஸ்டோரோ 1530-இல் அதை லத்தீனில் வெளியிட்டார். மூன்று காண்டங்கள், ஏறத்தாழ 1,300 அடிகள், எல்லாம் ரோமக் கவி வெர்ஜில் கையாண்ட அறுசீர் யாப்பு. பால்வினை நோய்க்கு இத்தனை அலங்காரமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அன்றைய இத்தாலியில் படித்தவர்கள் எதையும் லத்தீன் செய்யுளில் பாடிப் பார்த்தார்கள்.

1495-இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸைப் பிடித்த கையோடு இந்த நோய் பரவத் தொடங்கியது. இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களோ நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். (நாமும் பறங்கிப்புண் என்று பழியை வெளியூர்க்காரன் தலையில்தான் போட்டோம்.) ஃப்ராகாஸ்டோரோ மட்டும் அதைப் புராணமாக்கினார். கடல் கடந்து போன மாலுமிகள் சூரியனுக்குரிய பறவைகளைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். தப்பிய பறவை ஒன்று வாய் திறந்து சபிக்கிறது. நோய் முதலில் வந்த விதமாக, சிஃபிலஸ் என்ற இடையனின் கதையை அந்த நாட்டார் சொல்கிறார்கள். வறட்சியில் மந்தை சாக, அவன் சூரியனைத் திட்டிவிட்டு அரசனைக் கும்பிடுகிறான். முதல் நோயாளியும் அவனே.

புராணத்துக்கு நடுவிலும் வைத்தியர் கண் திறந்தே இருக்கிறது. பாதரசக் களிம்பைத் தேய்த்துக்கொண்டவன் வாயிலிருந்து எச்சில் நாற்றத்தோடு ஒழுகுவதை அவர் மறைக்கவில்லை. நோய்க்குக் காரணம் கேட்டால்தான் கோள்களின் சேர்க்கை, கெட்ட காற்று என்கிறார்.

பதினாறு ஆண்டு கழித்து, 1546-இல், தொற்றைப் பற்றி உரைநடையில் எழுதினார். நோய்க்கு வித்துகள் உண்டு. அவை தம்மைப்போன்றவற்றைப் பெருக்கும். தொட்டாலும், துணிமணி வழியாகவும், தூரத்திலிருந்தும் தொற்றும் என்றார். அந்த வித்துகளைக் கிருமி என்று படிப்பது அவசரம். உயிருள்ளவை என்று அவர் சொல்லவில்லை. நுண்ணோக்கியும் அப்போது இல்லை. சிஃபிலிஸின் சுருள் கிருமியை ஷௌடினும் ஹாஃப்மனும் கண்டது 1905-இல்தான். ஆனாலும் நோயாளியின் போர்வையைச் சந்தேகிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு அடுத்த ஆண்டே வந்தது. டிரென்ட் நகரில் கூடியிருந்த கத்தோலிக்கத் திருச்சங்கத்துக்கு அவர்தான் வைத்தியர். அங்கே காய்ச்சல் கண்டதும் ஊரை விட்டுக் கிளம்புவதே நல்லது என்றார். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பிடியிலிருந்து சங்கத்தை நகர்த்தக் காத்திருந்த போப் தரப்புக்கு இது வசதியாகப் போயிற்று. 1547-இல் பெரும்பாலான ஆயர்கள் பொலோனாவுக்கு மூட்டை கட்டினார்கள். பேரரசரின் ஆட்கள் தொற்றையும் பொருட்படுத்தாமல் டிரென்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.