தேர்ச்சி அறிக்கையைக் குறுக்கே படித்துப் பாருங்கள்

(கோலா கங்சாரில் பதிவான கல்விக் கருத்தரங்கில் நெறியாளர் ஆற்றிய உரையின் விரிவாக்கம்)

"தங்கச்சி, தமிழுக்கு மூணு, கணக்குக்கு ரெண்டு, அறிவியலுக்கு ரெண்டு, மலாய்க்கு ரெண்டு, இங்கிலீசுக்கு மூணுன்னு போட்டிருக்கு. எம்மவன் பாஸா, பெயிலா?"

கோலா கங்சாரில் நடந்த கருத்தரங்கில் ஒரு தாயார் எழுந்து கேட்ட கேள்வி இது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நக்கல் இல்லை. தாங்கள் கேட்கத் தயங்கியதை இந்த அம்மா கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் அது. மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் அறிக்கையில் அவர் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அது என்ன சொல்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

நான் படித்தது தகவல் தொடர்பில் டிப்ளோமா. ஆசிரியை அல்ல. எனவே இங்கே நான் எழுதுவது, மேடையில் இருந்த ஆசிரியர்கள் பொறுமையாக விளக்கியதையும், கல்வி அமைச்சின் மதிப்பீட்டு முறையை நானே தேடிப் படித்ததையும் சேர்த்து, ஒரு பெற்றோருக்குப் புரியும்படி சொல்லும் முயற்சி.

மதிப்பெண் எங்கே போனது?

நம் தலைமுறைக்குக் கணக்கு எளிது. 78 மதிப்பெண், வகுப்பில் பன்னிரண்டாவது. அப்பா பார்ப்பார், முறைப்பார், கையெழுத்துப் போடுவார். 1967 முதல் 1987 வரை ஐந்தாம் ஆண்டில் ஒரு சோதனை இருந்தது. 1988-இல் ஆறாம் ஆண்டுக்கு யுபிஎஸ்ஆர் வந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அதில் ஏழு தாள்கள். 2016-இல் ஆங்கிலம் இரண்டு தாளாகப் பிரிந்து எட்டு ஆனது. "7ஏ" வாங்கிய பிள்ளைகளின் படங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்ட காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த முறை ஒரே நாளில் மாறிவிடவில்லை. 2011-இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தபோதே பள்ளிசார் மதிப்பீடும் கூடவே வந்துவிட்டது. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. 2020-இல் கோவிட் காரணமாக யுபிஎஸ்ஆர் நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அன்றைய கல்வி அமைச்சர் ரட்ஸி ஜிடின் அந்தத் தேர்வையே அகற்றுவதாக அறிவித்தார். 2022 கல்வியாண்டில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்கு யுஏஎஸ்ஏ எனும் ஆண்டிறுதிச் சோதனை அறிமுகமானது. சின்ன வகுப்புகளுக்கு மிஞ்சியது வகுப்புசார் மதிப்பீடு, அதாவது பிபிடி. ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் வீட்டுக்கு வரும் அறிக்கை அதுதான்.

தேர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதன் இடத்தில் வந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்று பெற்றோருக்குச் சொன்னது போதாது. குறிப்பாக, ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, பெற்றோர் நாளுக்குக்கூட வர முடியாதவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒன்று முதல் ஆறு வரை

அறிக்கையில் 'டிபி' என்று போட்டிருப்பது தேர்ச்சி நிலை. ஆறு படிகள். இதை மதிப்பெண்ணாக மாற்றாதீர்கள். டிபி 3 என்றால் ஆறுக்கு மூன்று, ஐம்பது விழுக்காடு என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. பிள்ளை குறைந்தது எட்ட வேண்டிய நிலை அது. எட்டிவிட்டான் என்று பொருள்.

கணிதத்தில் பணம் என்ற பாடத்தை வைத்து ஓர் ஆசிரியை விளக்கினார். நோட்டையும் சில்லறையையும் பார்த்து மதிப்பைச் சொல்லத் தெரிந்தால் முதல் படி. அதை விளக்கவும் தெரிந்தால் இரண்டாவது. கூட்டல் கழித்தலைச் சரியாகச் செய்து, விடையைச் சரிபார்க்கவும் முடிந்தால் மூன்றாவது. கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாடக் கணக்கைத் தானே தீர்த்தால் நான்காவது. அதே வகைக் கணக்கு சிக்கலாக வந்தாலும் வெவ்வேறு வழிகளில் தீர்த்தால் ஐந்தாவது. இதுவரை பார்த்திராத புதுக் கணக்கைச் சொந்தமாக யோசித்துத் தீர்த்தால் ஆறாவது.

இந்த எண், நான்கு சோதனை வைத்துச் சராசரி எடுத்தது அல்ல. வகுப்பில் பிள்ளை பேசியது, எழுதியது, செய்தது எல்லாவற்றையும் பார்த்து ஆசிரியர் தம் அனுபவத்தால் தீர்மானிப்பது. அதனால்தான் ஆசிரியரிடம் பேசாமல் அறிக்கையை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

வகுப்பில் எத்தனையாவது என்ற கேள்வியை நாம் விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பேராவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள், ஏழு பிள்ளைகள். ஆறு பேரில் முதலாவது வந்தால் என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஆறாவது வந்தால்தான் என்ன?

கணக்கில் இரண்டு ஏன்?

அந்தத் தாயாரின் மகனுக்கு வருவோம். கணக்கில் டிபி 2 என்றதும் அவர் கணக்கு டியூஷனில் சேர்த்துவிட்டார். மாதாமாதம் பணமும் கட்டுகிறார். முன்னேற்றம் தெரியவில்லை.

மேடையில் இருந்த ஆசிரியை, ஒளிப்பதிவு முடிந்த பிறகு, கேமராக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஐயா, நான் ஒரு கணக்குச் சொல்றேன், கேக்கிறியா? லாபு சாயோங் ஒன்னு 25 ரிங்கிட். அம்மா மூனு வாங்குனாங்க. கடைக்காரர்கிட்ட 100 ரிங்கிட் குடுத்தாங்க. மீதி எவ்வளவு?" கோலா கங்சார் பிள்ளைக்கு லாபு சாயோங் கூஜா தெரியாமல் இருக்குமா? விரலை மடக்கினான், "25" என்றான்.

பிறகு அதே மாதிரி இன்னொரு கணக்கைத் தாளில் எழுதி நீட்டினார். பையன் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். 'விற்பனையாளரிடம்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிக் கூட்டி முடிப்பதற்குள், தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

கணக்கு அவனுக்கு வருகிறது. தமிழ் வாசிப்புதான் வரவில்லை.

அப்படியானால் தமிழுக்கு எப்படி மூன்று? அறிக்கையின் உள்பக்கத்தைத் திருப்பினோம். தமிழ்மொழி ஒரே எண் அல்ல. கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப்படுகிறது. கேட்டல் பேச்சில் அவனுக்கு நான்கு. நன்றாகப் பேசுகிறான், கதை சொல்கிறான். வாசிப்பில் இரண்டு. மொத்தத்தில் மூன்று என்று வந்தபோது அந்த இரண்டு யார் கண்ணுக்கும் படவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். அறிக்கையை மேலிருந்து கீழாக, பாடம் பாடமாக மட்டும் படிக்காதீர்கள். குறுக்கே படியுங்கள். தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கின்றன. ஆகையால் தமிழ் வாசிப்பில் உள்ள ஓட்டை, கணக்கில் பிரச்சனைக் கணக்காகவும், அறிவியலில் புரியாத கேள்வியாகவும் வந்து நிற்கும். மூன்று பாடத்திலும் இரண்டு என்றால் மூன்று நோய் என்று பயந்துவிட வேண்டாம். ஒரே காய்ச்சலாக இருக்கலாம்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிள்ளை தவறு செய்த பிரச்சனைக் கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் சரியாகச் செய்தால் வாசிப்பைக் கவனியுங்கள். கேட்ட பிறகும் விழித்தால், எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எண்களாகக் கொடுத்தால் செய்கிறான் என்றால், எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்ற புரிதல்தான் குறை. எண்களாகக் கொடுத்தும் தவறினால் அடிப்படைக் கணக்கிலேயே உட்கார வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்கலாமே.

இரண்டு எழுத்து, மூன்று மொழி

நம் பிள்ளை ஏழு வயதில் சுமப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழில் 247 எழுத்து. அதோடு ரோமன் எழுத்து. அதையும் மலாய்க்கு ஒரு மாதிரி, ஆங்கிலத்துக்கு ஒரு மாதிரி ஒலிக்க வேண்டும். ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தால் மலாயில் 'ஆயேர்', தண்ணீர். ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்து 'ஏர்', காற்று. பிள்ளை ஒன்றை இன்னொன்றாக வாசித்தால் அது மந்தம் அல்ல. எந்த மொழிக்குள் இருக்கிறோம் என்பதில் வரும் தடுமாற்றம். தமிழில் ல, ள, ழ குழம்புவது வேறு விஷயம். அது காது சம்பந்தப்பட்டது. வீட்டில் நாம் மூன்றையும் ஒரே மாதிரி உச்சரித்துவிட்டுப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது.

மலாயும் ஆங்கிலமும் இரண்டுமே எழுத்து, வாசிப்பில் பின்தங்கி, பேச்சில் சரியாக இருந்தால் ரோமன் எழுத்தில் பழக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மலாய் மட்டும் எல்லாத் திறனிலும் குறைவு என்றால் அந்த மொழி அவன் காதில் விழுவதே குறைவு. தோட்டத்திலும் தாமானிலும் நம்மவர்களோடு மட்டுமே பழகும் பிள்ளைக்கு இது இயல்பு.

மலாயை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யுபிஎஸ்ஆர் காலத்தில் மலாய்த் தாள்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் நேராக முதலாம் படிவம் போக முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். கூடப் படித்தவன் ஒரு வகுப்பு மேலே போய்விட்ட வெட்கத்திலேயே படிப்பில் மனம் விட்டுப்போன பிள்ளைகள் உண்டு. ஆறாம் ஆண்டில் அவசரமாக மலாய் டியூஷன் தேடுவதைவிட, இரண்டாம் மூன்றாம் ஆண்டு அறிக்கையில் மலாய் வாசிப்பு என்ன எண் என்று பார்ப்பது நல்லது.

வீட்டில் ஒரு கொப்பி

அறிக்கை ஆண்டுக்கு இரண்டு முறைதான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நடப்பது நமக்குத் தெரிய வேண்டுமே! ஒரு கொப்பி போதும். மாதம் ஒரு நாள், பிள்ளை அதுவரை படிக்காத ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை சொல் வாசித்தான், எத்தனை இடத்தில் தடுக்கியது என்று தேதியோடு எழுதுங்கள். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பத்துச் சொல் சொல்வதெழுதுதல். இரண்டு பிரச்சனைக் கணக்கு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து வைத்தால் இன்னும் நல்லது. நாலு மாதம் கழித்துப் பிள்ளையே கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்று அரங்கில் ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டி இருந்தால் பாட்டி கேட்கட்டும். இல்லையென்றால் பதிவை ஆசிரியருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் ஒரு நிமிடம் கேட்டுச் சொல்லிவிடுவார்.

ஆனால் இந்தக் கொப்பியை மாமா பிள்ளையின் கொப்பியோடு ஒப்பிட ஆரம்பித்தால் அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாம். போன மாதத்து இவன், இந்த மாதத்து இவன். அவ்வளவுதான்.

எழுதியவற்றில் சில சங்கதிகள் தாமாகத் தெரியவரும். புத்தகத்தில் உள்ளதைச் சரியாக எழுதுகிறான், கரும்பலகையில் இருப்பதை மட்டும் தப்பாக எழுதிக்கொண்டு வருகிறான் என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம். பேச்சில் கெட்டிக்காரன், சொன்னதெல்லாம் புரிகிறது, ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால், சோம்பேறி என்று திட்டுவதை நிறுத்திவிட்டு, டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். குறைநீக்கல் வகுப்பு முதல் மூன்று ஆண்டுகளுக்கானது. அதில் போடலாம் என்று ஆசிரியர் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொண்டு மறுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மறுத்தால் நஷ்டம் பிள்ளைக்கு. நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாக வந்துவிடும். பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டியிருக்கும்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது?

"என் பிள்ளை எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" என்று கேட்டால், "பரவாயில்லைம்மா, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யணும்" என்ற பதில்தான் வரும். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் இருக்கும். "வாசிப்பில் இரண்டு போட்டிருக்கீங்க டீச்சர், மூன்றுக்குப் போக அவன் என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற விளக்கம் ஆசிரியரின் கையில் இருக்கிறது. உங்களுக்கு எடுத்துச் சொல்வதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்காது. மாணவர் குறைவாக உள்ள நம் சின்னப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் பெயர் சொல்லி அறிவார். பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் கிடைக்காத வசதி அது.

ஆண்டிறுதி அறிக்கை வாங்கப் போகும்போது நடு ஆண்டு அறிக்கையையும் கொப்பியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வரலாம், இவர் மாற்றலாகியும் போகலாம். பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் அந்தக் கொப்பியைப் புது ஆசிரியரிடம் ஒருமுறை புரட்டிக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.