புதிய ஸ்போர்ட்ஸ் பைக்: முதலில் பழக வேண்டியது பிரேக்

கடன் பெற்று ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கும் இளம் வாடிக்கையாளர்களிடம், “முதல் பயணம் எங்கே?” என்று வினவினால் பெங்களூரு கிளைகளில் நாங்கள் பெரும்பாலும் கேட்கும் விடை ஒன்றே: நந்தி மலை. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவு, 1,478 மீட்டர் உயரம், விடியற்காலைப் பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவுகள். ஆசை எழுவது இயல்பே. ஆயினும் அந்த மலைச்சாலை முதல் வாரத்திற்கு உரியதன்று என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தையும், அங்கே செல்வதற்கு முன் பழக வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஸ்கூட்டரில் பல ஆண்டு அனுபவம் உடையவர்கள், “ஓட்டத் தெரியும், வண்டிதான் புதிது” என எண்ணுவதுண்டு. 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றின் எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். அதன் திறன் சுமார் 8 குதிரைத்திறன். நமக்கு அருகிலுள்ள ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அபாச்சி ஆர்ஆர் 310, 2017 டிசம்பரில் அறிமுகமானபோது ஏறத்தாழ 170 கிலோ எடையும் 34 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. எடை இரு மடங்கைக்கூட எட்டவில்லை. திறனோ நான்கு மடங்கு. ஸ்கூட்டரில் கை அறியாமல் செய்யும் சிறு பிழைகளை வண்டி பொறுத்துக்கொள்ளும். இங்கே அந்தப் பொறுமை குறைவு.

முதலில் அமரும் முறை. ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில்பார் தாழ்ந்திருப்பதால் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. புதியவர்கள் அந்தச் சாய்வின் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்கிவிடுகிறார்கள். கை வலிப்பது அதன் சிறிய விளைவு. பெரிய விளைவு, ஹேண்டில்பார் இறுகிப்போவது. முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்துப் பிடித்து, முதுகும் வயிறும் உடலைத் தாங்கும்படி அமர வேண்டும். ஓடும்போது முழங்கைகளைச் சிறகுபோல் எளிதாக அசைக்க முடிந்தால் சரியாக அமர்ந்திருக்கிறோம் என்று பொருள்.

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளான பிரேக். “முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரித்திருப்பார்கள். அந்த அச்சத்தால் பின் பிரேக்கை மட்டும் மிதித்தே பழகியவர்கள் ஏராளம். உண்மையில், ஓடும் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன்சக்கரமே. நிற்கும் வண்டியின் எடையை இரு சக்கரங்களும் ஏறக்குறையச் சமமாகத் தாங்குகின்றன. பிரேக் பிடித்தவுடன் எடை முன்னோக்கி நகர்கிறது. முன் ஃபோர்க் அமிழ்கிறது. முன் டயர் சாலையில் அழுந்திப் பதிகிறது. அழுத்தம் கூடக்கூடப் பிடிப்பும் கூடுகிறது. பின்சக்கரமோ பாரம் இழந்து எளிதில் வழுக்குகிறது.

ஆபத்து முன் பிரேக்கில் இல்லை. அதை வெடுக்கென்று பிடிப்பதில் இருக்கிறது. எடை முன்னே வந்து சேருவதற்குள் முழு வலுவையும் கொடுத்தால், பாரமற்ற டயர் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஆகவே இரண்டு விரல்களால் முதலில் மெல்ல அழுத்துங்கள். ஃபோர்க் அமிழ்வதை உணருங்கள். அடுத்த கணமே அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போன்ற செயல் இது. விடுமுறை நாளில், தூசியில்லாத காலியான தளமொன்றில், உரியவர்களின் அனுமதியுடன், 30 கி.மீ. வேகத்தில் பத்து முறை, பிறகு 40, பிறகு 50. முழு ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றுடன் இதைச் செய்தல் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை இதற்குப் போதும். நந்தி மலையில் கழிக்கும் காலையைவிட இது பயன் மிக்கது, புகைப்படம்தான் கிடைக்காது.

வேகத்திற்கும் தூரத்திற்கும் உள்ள உறவைச் சிறு கணக்கால் காணலாம். கண் கண்டதைக் கை செயலாக்க ஒரு வினாடி ஆகும் என்றும், நல்ல தார்ச்சாலையில் தேர்ந்த கையின் பிரேக் வினாடிக்கு வினாடி சுமார் 21.6 கி.மீ. வேகத்தைக் குறைக்கும் என்றும் கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். 80-இல் அது 63 மீட்டர். 100-இல் 92 மீட்டர். வேகம் 60-இலிருந்து 100-ஆகக் கூடும்போது தூரம் இரு மடங்கையும் தாண்டிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு 80 கி.மீ. என்றும், நகராட்சி எல்லைக்குள் 60 கி.மீ. என்றும் உச்சவரம்பு வைத்திருப்பதை இக்கணக்கோடு சேர்த்து வாசிக்கலாம்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் அது கட்டாயமாயிற்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதில் அது மிகச் சிறந்த துணை. ஆனால் மணலையும் சரளையையும் அது தார்ச்சாலையாக மாற்றிவிடாது. வளைவில் சாய்ந்திருக்கும்போது நாம் பதறிப் பிடிக்கும் பிரேக்கின் விளைவுகள் அனைத்தையும் சாதாரண ஏபிஎஸ் தடுத்துவிடும் என்றும் நம்பலாகாது. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. சாய்வதற்குச் செலவிட்டதை பிரேக்குக்கு மீண்டும் செலவிட இயலாது. அதனால்தான் வேகத்தைக் குறைப்பதும் கியரை இறக்குவதும் வளைவு தொடங்கும் முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கையில் முடிந்துவிட வேண்டும்.

வண்டி எவ்வாறு திரும்புகிறது என்பதில் ஒரு வியப்பு உண்டு. சற்று வேகத்தில் செல்லும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமெனில் ஹேண்டில்பாரின் இடப்பக்கத்தையே முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்ந்து அவ்வழியே வளைகிறது. மிதிவண்டி ஓட்டும் எல்லோரும் இதை அறியாமலே செய்கிறார்கள். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், தாம் கேட்டுப் பார்த்த மிதிவண்டிக்காரர்களுள் எவராலும் தாம் திரும்பும் விதத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். அறியாமல் செய்வதை அறிந்து செய்யத் தொடங்கினால், திடீரெனக் குறுக்கே வரும் பள்ளத்தையோ நாயையோ விலகிச் செல்வது எளிதாகும்.

1980-இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கிய கீத் கோட், விபத்தின் வேர் அச்சத்தால் உடல் தானே செய்யும் செயல்களில் இருப்பதாக விளக்குகிறார். வளைவு நினைத்ததைவிடக் கூர்மையாக இருப்பதைக் கண்டதும் கை ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மூடுகிறது, பிடி இறுகுகிறது, கண் ஆபத்தின்மீதே நிலைத்துவிடுகிறது. இவை மூன்றும் வண்டியை நாம் அஞ்சிய இடத்திற்கே கொண்டு சேர்ப்பவை. கண் செல்லும் இடத்திற்கே வண்டியும் செல்லும். ஆகவே தடுப்புச் சுவரைப் பார்க்காமல் வளைவின் முடிவைப் பாருங்கள். வண்டி சாய்ந்தபின் ஆக்ஸிலரேட்டரை மிகச் சிறிதாகத் திறந்து, வளைவு முடியும்வரை சீராகக் கூட்டிச் செல்லுங்கள்.

இப்போது நந்தி மலைக்கு வருவோம். நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். இடப்பக்க வளைவில் வேகம் மிகுந்தால் வண்டி எதிர்த்தடத்திற்குள் அகன்று போகும். வலப்பக்க வளைவில் ஆபத்து வேறு வகையானது: சக்கரம் நடுக்கோட்டுக்கு இப்பால் இருந்தாலும், சாய்ந்திருக்கும் நம் தலை கோட்டுக்கு அப்பால் நீண்டிருக்கும், எதிரே வேன் இறங்கி வந்துகொண்டிருக்கும். கோட்டை ஒட்டிச் செல்லாமல் நம் தடத்தின் நடுவிலேயே செல்வது நல்லது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கட்டும். நெடுந்தூரம் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் அது சூடேறி வலுவிழக்கும். புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் முதல் 150 கி.மீ. வரை ஆழமாகச் சாய்க்கவே கூடாது. முதல் வாரம் மலை வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

நகருக்குள்ளும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது. ஆகவே யூ-டர்ன் எடுக்க ஸ்கூட்டரைவிடக் கூடுதல் அகலம் தேவை. திரும்பிய நிலையில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே கவிழும். மெதுவேகத்தில் பின் பிரேக்கும் பாதி அழுத்திய கிளட்சுமே துணை. முதல் மழையில் சாலையின் எண்ணெய்ப் பசை மேலெழும். வெள்ளைக் கோடுகளும் மேன்ஹோல் மூடிகளும் வழுக்கும். கோடையின் தொடக்கத்தில் நம் நகரின் அழகாகிய இளஞ்சிவப்புப் பூக்கள் உதிர்ந்து நனைந்து கிடக்கும் தெருவும் அவ்வாறே.

முறையான பயிற்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னை நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சுமார் 3.7 கி.மீ. பந்தயத் தடத்தில் கீத் கோட்டின் பள்ளி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. 2015-இல் டக்கார் ராலியை நிறைவுசெய்த முதல் இந்தியரான பெங்களூருவின் சி.எஸ்.சந்தோஷ், கோலார் மாவட்டத்தில் மண்தடப் பயிற்சி மையம் அமைத்தவர். மண்ணில் குறைந்த வேகத்திலேயே சக்கரம் வழுக்குவதை உணர்ந்து பழகலாம் என்பதால் அது தார்ச்சாலை ஓட்டுநர்க்கும் உதவும்.

அத்தகைய பயிற்சிக்குச் செல்லுமுன் காப்பீட்டுப் பாலிசியை ஒருமுறை வாசியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் பாலிசியின் பாதுகாப்பில் அடங்கா. பயிற்சி வகுப்பு அடங்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள். 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளருக்கு மட்டுமே உரியது. வண்டியை இரவல் வாங்கிச் செல்லும் நண்பருக்கு அது பொருந்தாது. வண்டி முற்றிலும் சிதைந்தால் இழப்பீடு முதலில் கடன் நிலுவைக்கே செல்லும். இழப்பீட்டின் அடிப்படையான ஐடிவி தொகையில் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் சேர்வதில்லை. வழக்கமான அட்டவணைப்படி முதல் 6 மாதங்களில் 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 20 விழுக்காடும் அது குறைகிறது. முழு விலைக்கும் கடன் பெற்றவர்களுக்கு, இழப்பீடு போக மீதித் தவணை நிற்க வாய்ப்புண்டு. ஆண்டுப் புதுப்பிப்பின்போது கடன் நிலுவையையும் ஐடிவி தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் கிளையின் கடன் பிரிவை அணுகலாம்.