கெட்ட குமாரன் திரும்பி வருதல்
ரெம்பிராண்ட், ஹாலந்து; சுமார் 1661–1669; கித்தான்மீது தைல வர்ணம்

மனைவியையும் மூன்று சிசுக்களையும் பறிகொடுத்து, கடனால் சொந்த இல்லத்தையும் இழந்த ரெம்பிராண்ட், லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்திலுள்ள உவமையைத் தம் இறுதிக் காலத்தில் இவ்வாறு தீட்டினார்.

பிதாவின் ஆஸ்தியைத் தூரதேசத்தில் அழித்துவிட்டு, மழித்த தலையும் கந்தலும் தேய்ந்த மிதியடியுமாய் முழந்தாளிட்டிருக்கும் இளையவன், தன்னைக் கூலியாளாகவேனும் ஏற்கும்படி கேட்க எண்ணி வந்த வார்த்தை வாயினின்று வெளிப்படுமுன்னரே, முதியவரின் கரங்கள் அவன் முதுகின்மேல் படிந்துவிட்டன. அவன் செய்வதெல்லாம் அம்மார்பில் முகம் சாய்ப்பதே. மன்னிப்பைப் பெற அதற்கு மேல் யாதொன்றும் கேட்கப்படவில்லை. மனிதருக்கு அதுவே மிகக் கடினம் போலும்.

1766இல் ரஷ்யப் பேரரசி காதரீனின் சேகரிப்பில் சேர்ந்த சித்திரம் இது. வலப்புறம் விறைப்பாய் நிற்பவன் மூத்த மகன் என்பர். உவமையில் அவனையும் தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்தார் என்பதைக் காண்போர் மறவாதிருக்க வேண்டுகிறோம்.