முதுமையும் இடுப்பெலும்பும்

ஜீவனஹள்ளியில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி, சென்ற மார்கழியில் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்தார். காயமில்லை; ஒரு சொட்டு இரத்தமில்லை. வலக்கால் மட்டும் சற்றே குறுகி, பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடந்தது. "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாய்ப் போகும்" என்றார்கள் சூழ நின்றவர்கள். ஐந்து நாள் உருவினார்கள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பொங்கலுக்குப் பாட்டி இல்லை.

விழுந்ததற்கா உயிர் போகும் என்று பலரும் வியந்தனர். நண்பர்களே, போகும், அது எவ்வாறு என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

இடுப்பு முறிந்தது என்று நாம் சொன்னாலும், முறிவது தொடையெலும்பின் மேற்பகுதியே. பந்து போன்ற அதன் தலையையும் நீண்ட தண்டையும் குறுகிய கழுத்து ஒன்று இணைக்கிறது. தலைக்கு ஊட்டமளிக்கும் இரத்தக் குழாய்களிற் பெரும்பாலானவை அக்கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் சிதையக்கூடும். புத்தூர்க் கட்டினால் கை கூடியவர்களை நான் அறிவேன். ஆனால் கைக்குப் பலித்தது இங்கும் பலிக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு.

பெரும்பாலும் உயிரைக் குடிப்பது முறிவன்று, படுக்கை. அசையாது கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி தங்கிச் சுரம் காண்கிறது, காலில் இரத்தம் உறைகிறது, முதுகு புண்ணாகிறது. அமெரிக்காவில் 65 வயது கடந்தோரைப் பற்றி எடுத்த கணக்கின்படி, 2004ஆம் ஆண்டில் முறிவுற்றோருள் ஓராண்டுக்குள் மாண்டவர்கள் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர், ஆண்களில் 32 பேர். எலும்பு முறிவது பெண்களுக்கே மிகுதி. மாள்வதில் ஆண்கள் முந்துகிறார்கள்!

அந்நாட்டுப் பெண்களிடையே 1995க்கும் 2005க்கும் இடையில் முறிவு வீதம் கால்பங்கு குறைந்தது. ஆயினும் உலகில் முதியோர் தொகை பெருகுவதால் மொத்த எண்ணிக்கை ஏறவே செய்யும். 1990இல் சுமார் 17 இலட்சமாக இருந்த முறிவுகள் 2050இல் 60 இலட்சத்தைத் தாண்டலாம் என்று 1992இல் மதிப்பிட்டனர். அவற்றுட் பாதி ஆசியாவில்.

நம் நாட்டில் இத்தகைய கணக்குகள் அரியன. அரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 2009இல் எடுத்த கணக்கில், 50 வயது கடந்தோருள் இலட்சத்துக்கு 129 பேர் இம்முறிவுக்கு ஆளாயினர். குறைவுதானே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 2011இல் 10 கோடியாயிருந்த அறுபது கடந்தோர், 2036இல் 22 கோடிக்கு மேலாவர் என அரசாங்க மதிப்பீடே கூறுகிறது. வெயில் காயும் திருப்பதி வட்டாரத்திலேயே பலருக்கு வைட்டமின் டி குறைந்திருந்ததை ஆராய்ந்து கண்டவர்கள் உண்டு.

சிகிச்சை, அறுவைதான்: ஆணியோ தகடோ வைத்து இணைப்பார்கள், அல்லது செயற்கைத் தலை பொருத்துவார்கள். விரைவில் எழுப்பி நிறுத்துவதே நோக்கம். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2020இல் வெளியான சோதனையொன்றில், முறிவு தெரிந்து 6 மணி நேரத்தில் அறுவை செய்வதையும் 24 மணி நேரத்தில் செய்வதையும் ஒப்பிட்டார்கள். சாவில் வேற்றுமை காணவில்லை. முந்திச் செய்துகொண்டவர்கள் முந்தி எழுந்து நின்றார்கள், சித்தக் கலக்கமும் அவர்களுக்குக் குறைவு. அவர்கள் மணிக்கணக்கைப் பற்றி ஆராய்கிறார்கள். நாம் எண்ணெயோடு ஐந்து நாளைப் போக்கினோம்.

விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை, கால் குறுகிப் பாதம் வெளியே திரும்பியிருக்கிறது என்றால், உருவாமல் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஜீவனஹள்ளியிலிருந்து சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி வெகுதூரமன்று.

அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு இப்போது வயது 84. சென்ற ஞாயிறன்று குளியலறைச் சுவரில் கைப்பிடி ஒன்று பொருத்தினார்கள். நானும் கூட இருந்தேன். படி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.