மழைநீரைச் சேமித்த குடியிருப்பும் மூழ்கியது ஏன்? இயற்கை சார்ந்த நகர வடிவமைப்பு: ஒரு விளக்கம்

பெங்களூரு: கடந்த 2022 செப்டம்பர் முதல் வாரத்தில், பெங்களூருவின் சர்ஜாபூர் சாலைப் பகுதியில் விலையுயர்ந்த வில்லாக்களில் வசித்தோர் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேற்றப்பட்ட காட்சிகள் நாடு முழுவதும் பரவின. செப்டம்பர் 5-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. அந்த வெள்ளம் புகுந்த இடங்களில் ஒன்று 'ரெயின்போ டிரைவ்' என்ற மனைப்பிரிவு.

பல ஆண்டுகளாக மழைநீர் மேலாண்மைக்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டு வந்த குடியிருப்பு அது. சுமார் 34 ஏக்கர் பரப்பும் 360 அளவிலான மனைகளும் கொண்ட அந்த இடம், காவிரிக் குடிநீர் இணைப்பு இல்லாத காலத்தில் ஆழ்துளைக் கிணறுகளை மட்டுமே நம்பியிருந்தது. அவை ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கியதும், குடியிருப்போர் சங்கம் சில கடுமையான முடிவுகளை எடுத்தது. தனி வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்றும், அதிக நீர் செலவிடுவோர் அதற்கேற்பக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. மழைநீரை மண்ணுக்குள் செலுத்தும் கிணறுகள் வீட்டு வளாகங்களிலும் தெருவோரங்களிலும் தோண்டப்பட்டன. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இந்த முயற்சி பலன் தந்தது. ஆனால் வெள்ளத்தை அதனால் தடுக்க முடியவில்லை.

ஒரே குடியிருப்பு ஒரு கேள்வியில் தேர்ச்சியும் இன்னொன்றில் தோல்வியும் அடைந்த இந்த நிகழ்வு, 'பசுமைக் குடியிருப்பு' என்ற சொல்லின் பொருளை ஆராயத் தூண்டுகிறது.

இயற்கை சார்ந்த தீர்வு என்றால் என்ன?

ஒரு சமூகச் சிக்கலை எதிர்கொள்வதற்காக இயற்கை அமைப்புகளைப் பாதுகாத்தும், மீட்டெடுத்தும், முறையாகப் பராமரித்தும் எடுக்கப்படும் நடவடிக்கைகளே இயற்கை சார்ந்த தீர்வுகள் எனப்படுகின்றன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ஆம் ஆண்டு இதற்கு முறையான வரையறை வகுத்தது. 2020-இல் எட்டு அளவுகோல்கள் கொண்ட உலகத் தரநிலையையும் வெளியிட்டது. மக்களுக்கும் பல்லுயிர்களுக்கும் ஒருசேர நன்மை கிடைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை நிபந்தனை.

இந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தால், விளம்பரக் கையேடுகளில் காணப்படும் 'பசுமை'யில் பெரும்பகுதி தேறாது. நுழைவாயிலில் வரிசையாக நடப்படும் அலங்காரப் பனை வகைகளும், நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டிய புல்தரையும் பார்வைக்குப் பசுமையானவை. ஆனால் நிலத்தடி நீரைப் பெருக்குவதற்குப் பதிலாக உறிஞ்சித் தீர்ப்பவை. தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 2024 மார்ச்சில், குடிநீரைத் தோட்டங்களுக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது.

முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் சரிவு

ஒரு குடியிருப்பை வடிவமைப்போர் வழக்கமாக மனைகளையும் சாலைகளையும் முதலில் வரைந்துவிட்டு, எஞ்சிய மூலையைப் பூங்காவுக்கு ஒதுக்குகின்றனர். இயற்கை சார்ந்த வடிவமைப்பில் இந்த வரிசை தலைகீழாகிறது. மழைநீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது முதலில் வரைபடமாக்கப்படுகிறது. நீர் தானாக வந்து சேரும் தாழ்வான இடம் குளத்துக்கும் திறந்தவெளிக்கும் விடப்படுகிறது. வீடுகள் மேட்டுக்குச் செல்கின்றன.

பெங்களூருவில் இந்தப் பாடத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. பெரிய ஆறு எதுவும் ஓடாத அந்த நகரம், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலி போல் அமைந்த ஏரிகளால் வாழ்ந்தது. மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். இந்தப் பெருங்கால்வாய்களைக் கன்னடத்தில் 'ராஜகாலுவே' என்று அழைக்கின்றனர். தென்கிழக்குப் பகுதியின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையாற்றில் கலந்து, ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. சர்ஜாபூர் சாலைக் கால்வாயின் நிலை தமிழக உழவர்களுக்கும் தொடர்புடையதாவது இவ்வாறே.

கட்டடப் பெருக்கம் இந்தச் சங்கிலியைப் பல இடங்களில் துண்டித்துள்ளது. 1973-ஆம் ஆண்டுக்குப் பின் நகரின் கட்டுமானப் பரப்பு 1,055 சதவீதம் பெருகியதாகவும், நீர்ப்பரப்பு 79 சதவீதமும் தாவரப் பரப்பு 88 சதவீதமும் சரிந்ததாகவும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு தெரிவிக்கிறது. மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, நீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது; அவ்வழியில் இப்போது வீடுகள் இருந்தன.

உறைகிணறும் அதன் எல்லையும்

பெங்களூருவில் பரவலாகப் பின்பற்றப்படும் செறிவூட்டல் கிணறு, தமிழர்களுக்குப் பழக்கமான உறைகிணற்றைப் போன்றதே. மூன்று முதல் ஐந்து அடி விட்டத்தில், இருபது அடி அல்லது அதற்கு மேலான ஆழத்துக்குத் தோண்டி, சிமென்ட் உறைகளை அடுக்குகின்றனர். அடித்தளத்துக்குக் கான்கிரீட் இடுவதில்லை. கூரையிலிருந்தும் மழைநீர் வடிகாலிலிருந்தும் வரும் நீர், வண்டல் படியும் சிறு தொட்டியைக் கடந்து கிணற்றுக்குள் இறங்கி, மேலடுக்குப் பாறைச் சிதைவுகளுக்குள் மெல்லப் பரவுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டி வரும் மண்ணு வட்டர் சமூகத்தினருக்கு இதனால் மீண்டும் வேலை கிடைத்திருக்கிறது. நகரில் பத்து லட்சம் கிணறுகள் என்ற இலக்குடன் பயோம் அறக்கட்டளை ஓர் இயக்கத்தையும் நடத்தி வருகிறது.

கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். பெங்களூருவின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் என்று கொண்டால், 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 97 ஆயிரம் லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கழித்தாலும் 77 ஆயிரம் லிட்டர் மிஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது 140 நாள்களுக்கு மேல் போதுமானது. பெரிய மனைகளில் மழைநீர் சேகரிப்பை 2009-ஆம் ஆண்டே கர்நாடகம் கட்டாயமாக்கியதற்கு இத்தகைய கணக்கே நியாயம் சேர்க்கிறது.

ஆனால் அதே கணக்கை ஒரே நாள் பெருமழைக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாகிறது. 34 ஏக்கர் பரப்பில் 131.6 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 1.8 கோடி லிட்டர். மூன்றடி விட்டமும் இருபதடி ஆழமும் கொண்ட ஒரு கிணற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 4,000 லிட்டர். அத்தகைய கிணறுகள் 300 இருந்தாலும் ஒரே வேளையில் 12 லட்சம் லிட்டரை மட்டுமே ஏற்க முடியும். மொத்த நீரில் பதினைந்தில் ஒரு பங்கு. நாள் முழுவதும் மண்ணுக்குள் கசிந்து செல்வதைச் சேர்த்தால் இந்த அளவு சற்று உயரும். ஆனால் தொடர்மழையில் ஏற்கெனவே ஊறிப்போன மண் மெதுவாகவே நீரை ஏற்கும். இவை அனைத்தும் குடியிருப்புக்குள் விழும் மழை மட்டுமே. வெளியிலிருந்து புகும் ஏரி நீர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எனவே கிணறு வறட்சிக்கான மருந்து. வெள்ளத்துக்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும். வறண்ட நாள்களில் விளையாட்டுத் திடலாகவும் பெருமழையில் தற்காலிகக் குளமாகவும் மாறும் தாழ்வான திறந்தவெளி அவற்றுள் ஒன்று. சாலையோரம் கான்கிரீட் வடிகாலுக்குப் பதிலாகப் புல்லும் செடிகளும் வளர்ந்த ஆழமற்ற வாய்க்கால் அமைத்தால், நீரின் வேகம் குறைந்து வண்டலும் வடிகட்டப்படும். வாகன நிறுத்துமிடங்களில் கற்களை இடைவெளி விட்டுப் பதிக்கலாம். இந்த அமைப்புகளில் தேங்கும் நீர் இரண்டு மூன்று நாள்களுக்குள் வடிந்துவிட வேண்டும். இல்லையெனில் கொசு பெருகி, 'இயற்கை' மீதே குடியிருப்போருக்கு வெறுப்பு வந்துவிடும். சாலையில் ஓடும் எண்ணெய்க் கசிவு கலந்த நீரை வடிகட்டாமல் கிணற்றுக்குள் விடுவதும் ஆபத்தானது.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கோரை

ஆண்டு முழுவதும் ஒரு குடியிருப்பில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் நீர் ஒன்றே: கழிவுநீர். திடப்பொருள்கள் நீக்கப்பட்ட கழிவுநீரை, சம்பங்கோரை, கல்வாழை போன்ற தாவரங்கள் வளர்ந்த சரளைப் படுகை வழியே மெல்லச் செலுத்தினால், வேர்களில் குடியேறும் நுண்ணுயிர்கள் மாசுகளைச் சிதைக்கின்றன. இம்முறையில் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 'ஃபைட்டோரிட்' என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. மின்செலவு குறைவு; இடத்தேவை அதிகம். மனை விலை உச்சத்தில் உள்ள நகரங்களில் கட்டுமான நிறுவனங்கள் தயங்குவது இதனால்தான்.

பெங்களூருவின் வடக்கே உள்ள ஜக்கூர் ஏரியில் இது பெரிய அளவில் செயல்படுத்தப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீர், நீர்த்தாவரங்கள் நிறைந்த சதுப்புப் பகுதியைக் கடந்து ஏரியை அடைகிறது. ஏரியில் ஆண்டு முழுவதும் நீர் நின்றதால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் நீர்மட்டம் உயர்ந்தது. பறவைகளும் மீன்பிடிப்போரும் திரும்பினர்.

நிழல் தரும் மரங்கள்

மரங்களின் பயன் குறித்துப் பொதுவாகப் பேசப்படுவது அதிகம். அளந்து பார்த்தது குறைவு. பெங்களூரு சாலைகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மரங்கள் உள்ள பகுதிகளில் காற்றின் வெப்பநிலை அதிகபட்சமாக 5.6 டிகிரி செல்சியசும், சாலைப் பரப்பின் வெப்பநிலை அதிகபட்சமாக 27.5 டிகிரியும் குறைவாக இருந்ததைக் கண்டறிந்தது. சாலையின் வெப்பம் இவ்வளவு தணிந்தால் அருகிலுள்ள வீட்டுச் சுவரும் அதன் பலனைப் பெறும்.

புங்கன், வேம்பு, நாவல் போன்ற நாட்டு மரங்கள் இதற்கு ஏற்றவை. அவற்றுக்கு வேர் பரவ மண் வேண்டும். மரத்தின் கழுத்து வரை நடைபாதைக் கற்களைப் பதிக்கும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட நேர்ந்தது.

வேலிக்கு வெளியே

மேலே கூறிய அனைத்தையும் ஒரு குடியிருப்பு செவ்வனே செய்தாலும், மதிற்சுவருக்கு வெளியே உள்ள கால்வாய் அடைபட்டிருந்தால் பயனில்லை. இங்கேதான் தனியார் முயற்சியின் எல்லை தொடங்குகிறது. பெங்களூருவில் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் அகலத்துக்குக் கட்டுமானம் கூடாது என்றும், கால்வாய்களுக்கு அவற்றின் தரவரிசைப்படி 50, 35, 25 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. நகரின் பெருந்திட்டத்தில் உள்ள அளவுகளை மாற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் அதை ரத்து செய்தது. ஏரிக்கு 30 மீட்டர் என்ற பழைய அளவே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அத்தீர்ப்பு சரியாக இருக்கலாம். நீர் கேட்கும் இடமோ குறையவில்லை.

காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டு, நகர எல்லையில் இணைந்த 110 கிராமப் பகுதிகளுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்க வழி செய்துள்ளது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்த நீர் மேடேற்றப்படுகிறது. குழாய் நீர் வந்துவிட்டால் கிணறுகளைக் கவனிப்போர் இருப்பார்களா என்ற ஐயம் இயல்பானது.

ஏனெனில் இவ்வமைப்புகள் கட்டி முடித்ததும் கைவிடக் கூடியவை அல்ல. செறிவூட்டல் கிணற்றின் வண்டல் தொட்டியைப் பருவமழைக்கு முன்னர் தூர்வார வேண்டும். கோரைப் படுகையில் முதிர்ந்த தாவரங்களை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். புல் வாய்க்காலில் சேரும் நெகிழிக் கழிவுகளை வாரந்தோறும் அள்ள வேண்டும். குடியிருப்போர் சங்கங்களின் வரவுசெலவில் மின்தூக்கிக்கும் காவலருக்கும் ஆண்டுப் பராமரிப்புத் தொகை தனியே ஒதுக்கப்படுகிறது. கிணற்றுக்கு அத்தகைய தலைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.